ஸ்மாரோவுக்கு ஒரு தங்கை

கோஸ்மாஸ் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும் அந்தச் சின்னக் கார் இடது பக்கம் சாய்ந்தது. மறுபக்கம் ஸ்மாரோ ஏறியதும் நேரானது. இருவருமே அதைக் கவனித்தார்கள். இருவருமே கவனிக்காதது போல சீட் பெல்ட்டைத் தேடினார்கள்.

"சீட்டை இன்னும் பின்னாடி தள்ளணும்னா கீழே ஒரு கம்பி இருக்கு," என்றாள் ஸ்மாரோ.

"தள்ளியாச்சு டீச்சர். இதுக்கு மேல தள்ளினா டிக்கியிலதான் உட்காரணும்."

ஸ்மாரோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வோலோஸ் நகரத்தில் பாதிப் பேருக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். பயந்து நடுங்குபவர்கள், எல்லாம் தெரிந்தவர்கள், கிளட்ச்சை விடவே மாட்டேன் என்பவர்கள் என்று எல்லா ரகத்தையும் பார்த்தாயிற்று. தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டு வந்து உட்காரும் ரகம் அபூர்வம்.

ரயில் நிலையத்துக்கு எதிரே பேக்கரி வைத்திருந்தார் கோஸ்மாஸ். அவருடைய சீஸ் பஃப்ஸுக்காக ரயிலைத் தவறவிட்டவர்கள் உண்டு. வேனில் சரக்கு கொண்டுபோய்ப் போடுவது அதுவரை தம்பியின் வேலை. தம்பி கல்யாணம் செய்துகொண்டு மனைவியின் ஊருக்குப் போய்விட்டான். வேன் கடை வாசலில் தூங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தைந்து வயதில் கோஸ்மாஸ் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது.

முதல் நாளே துறைமுகத்து மைதானத்தைச் சுற்றிவிட்டுக் கடற்கரைச் சாலைக்கு வந்தார்கள். சிக்னலில் வண்டியை நிறுத்திய கோஸ்மாஸ், பக்கத்தில் திரும்பி அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"டீச்சர், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"ரோட்டைப் பாத்துக்கிட்டே கேளுங்க."

"லாரிசாவுல எடை குறைக்க ஆபரேஷன் பண்ற கிளினிக் இருக்கில்ல, போன வாரம் அங்க போயிருந்தேன். நானும் பண்ணிக்கலாம்னு ஒரு யோசனை. உள்ள நுழைஞ்சதும் ஒரு அம்மாவோட படம் மாட்டியிருக்காங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. நீலக் கவுன் போட்டுக்கிட்டு, பாத்தா நடிகை மாதிரி. அப்படியே உங்க ஜாடை. உங்க தங்கச்சியா?"

"எந்தப் படம் என் ஜாடை?"

"ரெண்டுமேதான். கூடப் பிறந்தவங்கன்னா அப்படித்தானே இருக்கும்."

சிக்னல் பச்சையானது. பின்னாலிருந்த டாக்ஸிக்காரன் ஹாரனை அமுக்கினான். கோஸ்மாஸ் பதறிக் கிளட்ச்சை விட, என்ஜின் நின்றது. அந்தக் களேபரத்தில் ஸ்மாரோ சொன்னாள்:

"ஆமா. தங்கச்சி."

ஸ்மாரோவுக்குத் தங்கை கிடையாது. வாங்கேலிஸ் என்று ஓர் அண்ணன் மட்டும்தான். அந்த நீலக் கவுன்காரி அவளேதான்.

சின்ன வயதிலிருந்தே பருமனான உடம்பு அவளுக்கு. நாற்பதைத் தாண்டியதும் முழங்கால்கள் மாடிப்படியைக் கண்டாலே முனக ஆரம்பித்தன. சர்க்கரை எட்டிப் பார்த்தது. லாரிசா மருத்துவர்கள் அவள் இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டியெடுத்து, ஒரு வாழைப்பழம் அளவுக்கு மீதி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். ஏழு வருடத்துக்கு முந்தைய கதை அது. ஒன்றரை வருடத்தில் பாதி ஆளாகக் கரைந்துவிட்டாள். சந்தையில் தக்காளி விற்பவர் அவளை அடையாளம் தெரியாமல் "புதுசா குடிவந்திருக்கீங்களா?" என்று கேட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் கணவன் ஸ்தெர்கியோஸ், "ஒருத்தியக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன், இன்னொருத்தி கூடக் குடும்பம் நடத்தறேன், நல்லவேளை ரெண்டு பேருக்கும் ஒரே குரல்," என்று காபிக்கடையில் சொல்லித் திரிந்தான். கிளினிக்காரர்கள் கேட்டபோது பெருமையாக நீலக் கவுனை மாட்டிக்கொண்டு போய்ப் படத்துக்கு நின்றாள்.

திரும்ப ஏறிய எடை சத்தம் போட்டுக்கொண்டு வரவில்லை. முதல் இரண்டு வருடம் பயம் இருந்தது, அளந்து சாப்பிட்டாள். பிறகு ஒரு விஷயம் புரிந்தது. இறைச்சியோ மீனோ நாலு வாய்க்கு மேல் இறங்காத அந்தக் குட்டி இரைப்பையில் ஐஸ்கிரீம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பஃப்ஸ் வாயிலேயே கரைந்தது. சர்க்கரையும் பாலும் போட்ட குளிர்ந்த காபியை ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் நடுவே உறிஞ்சிக்கொண்டே இருக்கலாம். ஓட்டுநர் உரிமம் வாங்கிய ஒவ்வொருவரும் சந்தோஷமாக ஒரு பெட்டி இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். அது காரின் முன்பெட்டிக்குள் போனது, மாலைக்குள் காலியானது. மகள் படிப்புக்காகப் பாத்ராவுக்குப் போன பிறகு வீடு ஓய்ந்துபோனது. இரவு டிவிக்கு முன்னால் அவளும் ஸ்தெர்கியோஸும் ஒரு கிண்ணம் உப்புப் பிஸ்தாவை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்வார்கள். யார் கேட்டாலும், "நான் ஒரு வேளைகூட முழுசாச் சாப்பிடறதில்ல," என்பாள். அது சத்தியமான உண்மை.

இழந்ததில் பாதிக்கு மேல் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டபோது, வருடாந்திரப் பரிசோதனைக்குப் போவதை நிறுத்தினாள். கிளினிக்கிலிருந்து போன் வந்தால் "இப்ப வண்டியில இருக்கேன்" என்று வைத்துவிடுவாள். எப்போதும் வண்டியில்தானே இருக்கிறாள்.

அன்று இரவு நடந்ததைச் சொன்னதும் ஸ்தெர்கியோஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"எனக்கு ஒரு மச்சினி இருக்கான்னு இத்தனை வருஷமா ஏன் சொல்லல? பேரு என்ன?"

"பேரெல்லாம் வைக்கல."

"வச்சிடு. அந்தாளு நாளைக்குக் கேப்பாரு."

கேட்டார். மறுநாள், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே, "உங்க தங்கச்சி பேரு என்ன டீச்சர்?" என்றார். "ரீனியோ," என்றாள் ஸ்மாரோ. பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்த்துக் காப்பியடித்த பெண்ணின் பெயர் அது. ரீனியோ எங்கே இருக்கிறாள்? கலமாத்தாவில். அவளைப் பார்க்க முடியுமா? தூரம். போன் நம்பர்? அவள் போனே எடுக்க மாட்டாள், கூச்ச சுபாவம்.

"அப்ப நீங்களே கேட்டுச் சொல்லுங்க," என்றார் கோஸ்மாஸ். "ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படிச் சாப்பிடறாங்களாம்?"

ஸ்மாரோவுக்கு எல்லாம் மனப்பாடம். முதலில் மீன், முட்டை, பருப்பு மாதிரி புரதச் சாப்பாடு, அப்புறம் காய், இடம் இருந்தால் கடைசியில் ரொட்டி. நன்றாக மென்று தின்ன வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, அரைமணி நேரம் போகட்டும். விட்டமின் மாத்திரையைத் தவறவிடக் கூடாது. ரவுண்டானாவைச் சுற்றியபடியே ரீனியோவின் பழக்கவழக்கங்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள். கோஸ்மாஸ் பயபக்தியோடு தலையாட்டினார். பாடம் முடிந்து இறங்கும்போது வழக்கம்போல ஒரு பொட்டலத்தை நீட்டினார். உள்ளே இரண்டு சீஸ் பஃப்ஸ், இன்னும் சூடாக.

"உங்க தங்கச்சிதான் தொட மாட்டாங்க. நீங்களாவது சாப்பிடுங்க."

அவள் சாப்பிட்டாள். சட்டையில் விழுந்த துகள்களைத் தட்டிவிட்டாள். 

இப்படியே வாரங்கள் ஓடின. கோஸ்மாஸ் பின்னோக்கி ஓட்டக் கற்றுக்கொண்டார். ரீனியோவோ நாளுக்கு நாள் உத்தமியாகிக்கொண்டே போனாள். ஒருநாள் அவர் கேட்டார்:

"சாயங்காலம் ஆனா வாய் எதையாவது கேக்குமே டீச்சர். எனக்கு அப்பத்தான் ரொம்ப மோசம். அவங்க என்ன பண்ணுவாங்க?"

"கடற்கரையில நடப்பா," என்று யோசிக்காமல் சொன்னாள் ஸ்மாரோ. "திரும்பி வர்றதுக்குள்ள வாய் அடங்கிடும்."

அன்று மாலை பிஸ்தாக் கிண்ணத்தை எடுத்தபோது அது நினைவுக்கு வந்தது. அந்த மனிதர் இந்த நேரம் கடையைச் சாத்திவிட்டு, தன் பேச்சை நம்பிக் கடற்கரையில் மூச்சு வாங்க நடந்துகொண்டிருப்பார். ஸ்மாரோ கிண்ணத்தை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றான் ஸ்தெர்கியோஸ்.

"ரீனியோ எங்க போவாளோ அங்க."

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு டிவியை அணைத்துவிட்டு, "இரு, நானும் என் மச்சினியப் பாத்ததே இல்ல," என்று சட்டையைத் தேடினான்.

இப்படி ஒரு பொய் மெல்ல அவளைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு காலை அண்ணி லம்ப்ரினியிடமிருந்து போன் வந்தது. லம்ப்ரினி கோஸ்மாஸ் கடையில்தான் ரொட்டி வாங்குவாள்.

"ஸ்மாரோ, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். மனசத் தைரியமா வச்சிக்கோ."

"என்ன அண்ணி?"

"உங்க அப்பா கலமாத்தாவுல வேற குடும்பம் ஏதாவது வச்சிருந்தாரா?"

"என்னது?"

"பேக்கரிக்காரர் சொல்றாரு, உனக்கு அங்க ஒரு தங்கச்சி இருக்காளாம். நடிகை மாதிரி இருக்காளாம். உங்கண்ணனுக்கே தெரியாதாம். மனுஷன் காலையிலேருந்து காபியைக்கூடத் தொடாம உட்கார்ந்திருக்காரு. அப்பாவோட பழைய லாரி ட்ரிப் எல்லாத்தையும் கணக்குப் போட்டுப் பாக்கறாரு."

ஸ்மாரோ தலையில் கைவைத்துக்கொண்டாள். செத்துப்போன அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற அண்ணியிடம் உண்மையைச் சொன்னாள்.  போனில் லம்ப்ரினி விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. "அவரு கிட்ட நானே சொல்றேன்," என்றாள். "ஆனா சாயங்காலம் சொல்றேன். கொஞ்சம் பயந்திருக்கட்டும்."

அடுத்த பாடம் மலைச்சாலையில். போர்த்தாரியாவுக்கு ஏறும் வளைவுகளில், ஏற்றத்தில் நின்று வண்டியை எடுக்கப் பழக வேண்டும். அன்று கோஸ்மாஸ் சந்தோஷமாக இருந்தார்.

"தேதி குறிச்சிட்டாங்க டீச்சர். அடுத்த மாசம் ஆபரேஷன். உங்க தங்கச்சி இல்லேன்னா எனக்கு இந்தத் தைரியம் வந்திருக்காது. ஒரே ஒரு தடவை வெட்டிட்டா போதும், அப்புறம் வாழ்நாள் பூரா சாப்பாட்டப் பத்தி யோசிக்கவே வேண்டாம் பாருங்க."

 அறுவை முடிந்த புதிதில் ஸ்மாரோவும் இதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தாள்.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார். கைப்பிரேக்கை இழுத்தார். எல்லாம் சரியாகச் செய்துவிட்டுப் பாராட்டை எதிர்பார்த்துத் திரும்பினார்.

"எனக்குத் தங்கச்சி கிடையாது கோஸ்மாஸ்," என்றாள். "அந்தப் படத்துல இருக்கறது நான்தான். ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணி அவ்வளவு இளைச்சேன். அப்புறம் இவ்வளவு ஏறிட்டேன். உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்தது."

கோஸ்மாஸ் அவளைப் பார்த்தார். கண்ணாடி வழியே மலையைப் பார்த்தார். கதவைத் திறந்து இறங்கினார். கீழ்நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

ஸ்மாரோ தட்டுத்தடுமாறி ஓட்டுநர் இருக்கைக்கு மாறினாள். வண்டியைத் திருப்பி, நான்கு பக்க விளக்கும் மினுங்க, அவர் பக்கத்திலேயே நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்தாள். கண்ணாடியை இறக்கினாள்.

"ஏறுங்க."

"வேண்டாம். நடந்தா நல்லதுன்னு ரீனியோ சொல்லியிருக்காங்க."

"வோலோஸ் வரைக்கும் நடக்க முடியாது."

"உங்களால ஏழு வருஷம் தாக்குப்பிடிக்க முடியல, நான் ஏழு கிலோமீட்டர் நடக்கறேன், விடுங்க." சொன்ன வேகத்தில் அவருக்கே அது அதிகப்படியாகப் பட்டிருக்க வேண்டும்.  பிறகு சாலையைப் பார்த்தபடியே கேட்டார்: "அப்ப அந்த ஆபரேஷனே வீண்தானா?"

"வீண் இல்ல. சர்க்கரை போச்சு. முழங்கால் ஆறிச்சு. அதெல்லாம் பொய் இல்ல. ஆனா வெட்டினது வயித்தத்தான், என்னை இல்ல. நான் அப்படியேதான் இருந்தேன். அதை யாராவது உங்ககிட்டச் சொல்லணும்ல."

பின்னால் ஒரு பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். ஸ்மாரோவிடம் கற்றவர்தான். "ஸ்மாரோ அக்கா, என்ன, புது மாதிரி பாடமா?" என்றார். பேருந்துக்குள் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். கோஸ்மாஸுக்கு மூச்சு இரைத்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இன்னும் ஒரு வளைவு நடந்து பார்த்தார். நின்றார். கதவைத் திறந்து ஸ்மாரோவுக்குப் பக்கத்தில் விழுந்தார். கார் நேரானது.

"லாரிசாவுக்கு வெள்ளிக்கிழமை போறேன், சத்துணவு பாக்கற அம்மாகிட்ட," என்றார். "நீங்களும் வரணும். வந்தா மன்னிக்கறேன்."

"நான் அங்க போய் மூணு வருஷமாச்சு."

"அதனாலதான் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை போனார்கள். ஸ்மாரோ வாசல் வரை வந்து, கைப்பையில் எதையோ தேடுவது போல நின்றாள். கோஸ்மாஸ் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். உள்ளே, வரவேற்பு மேஜைக்குப் பின்னால், நீலக் கவுனில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படத்த எடுத்துடறீங்களா?" என்று மேஜைப் பெண்ணிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

அந்தப் பெண் படத்தையும் அவளையும் பார்த்தாள். "எடுக்கலாம்மா. ஆனா பின்னாடி சுவர்ல ஒரு பெரிய ஈரக்கறை இருக்கு. பெயின்ட் அடிக்க ஆள் வர்ற வரைக்கும் பொறுத்துக்குவீங்களா?"

கோஸ்மாஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. கொஞ்ச நேரத்தில் ஸ்மாரோவும் சிரித்துவிட்டாள். இத்தனை நாள் பயந்து ஒளிந்தது ஒரு ஈரக்கறையை மூடும் படத்துக்கா என்றிருந்தது.

சத்துணவு நிபுணர் தியோனி ஒல்லியாக இருப்பாள், உதட்டைச் சுழிப்பாள் என்று ஸ்மாரோ எதிர்பார்த்திருந்தாள். தியோனி பூசினாற்போல இருந்தாள், தும்மலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எடை பார்த்தாள். எண்ணைக் குறித்துக்கொண்டாள்.  அவள் கேட்கும் முன்பே ஸ்மாரோ ஆரம்பித்தாள்.

"தப்பு என்மேலதான். இரைப்பை பழையபடி பெருத்துப்போச்சு. எல்லாத்தையும் வீணாக்கிட்டேன்."

"யாரு பாத்தா, பெருத்துப்போச்சுன்னு?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள் தியோனி. "பாத்துடுவோம். ரத்தமும் எடுத்துடுவோம். அதுக்கு முன்னாடி, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல."

"சரி. சாப்பிடாம என்னெல்லாம் வாயில போச்சு?"

ஸ்மாரோ விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். காலையில் இனிப்புக் காபி. யாரோ கொடுத்த பிஸ்கட். பிறகு இன்னொரு காபி. லட்டு சைஸில் இரண்டு தேன் பணியாரம். கோஸ்மாஸின் பஃப்ஸ் ஒன்று. பாதி ஐஸ்கிரீம், மீதிப் பாதி. விரல்கள் தீர்ந்தபோது நிறுத்திக்கொண்டாள். கோஸ்மாஸ் கூரையைப் பார்த்தார்.

"பாருங்க," என்றாள் தியோனி. "நீங்க நிறைய சாப்பிடறவங்க இல்ல. நாள் பூரா சாப்பிடறவங்க. ஒரு வேளைகூட சாப்பாடு சாப்பிடல. அதான் பசி அடங்கவே இல்ல. எடை திரும்ப ஏறுறது நீங்க மட்டும் பண்ண தப்பு இல்லம்மா, இங்க வர்ற நிறையப் பேருக்கு நடக்குது. உடம்பு பழைய எடையத் தேடித்தான் போகும். அதுக்காகத்தான் வருஷா வருஷம் வரச் சொல்றோம். படம் புடிக்கறதுக்கு இல்ல."

ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்தும் பி பன்னிரண்டும் தரையோடு கிடந்தன. மதியம் கண் சொக்கியதும், சீப்பில் முடி வந்ததும் வயசால் இல்லை என்று தெரிந்தது. இரைப்பை கொஞ்சம் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். இன்னமும் சின்னதாகத்தான் இருந்தது. அதைக் கேட்டபோது ஸ்மாரோவுக்குக் கண்ணில் நீர் வந்தது. தொலைத்துவிட்டதாக நினைத்த பொருள் தன்னிடமே இருந்திருக்கிறது.

"என்ன டயட் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

"டயட்டா? உங்களுக்குத் தெரியாதது என்கிட்ட என்ன இருக்கு? இவருக்கு நீங்க சொன்னதையெல்லாம் இவரு என்கிட்ட ஒப்பிச்சாரு. நான்கூட அவ்வளவு தெளிவாச் சொன்னதில்ல." தியோனி தும்மினாள். "அந்த ரீனியோ சாப்பிடறத நீங்க சாப்பிடுங்க. மதியம் வண்டிய நிறுத்திட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்க. மாத்திரைய மறுபடி ஆரம்பிங்க. மூணு வாரத்துல வாங்க."

திரும்பி வரும் வழியில் கோஸ்மாஸ் சொன்னார்: "நான் தேதியத் தள்ளி வைக்கறேன் டீச்சர். பண்ணிக்கத்தான் போறேன். ஆனா மொதல்ல உட்கார்ந்து சாப்பிடக் கத்துக்கறேன். கடையில நான் நின்னுக்கிட்டே தின்னு தின்னுதான் இப்படி ஆனேன்."

அதன் பிறகு ஸ்மாரோவின் சமையலறையில் மாற்றம் வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த ஊர்ச் சாப்பாடுதான். ஊரே அதை மறந்துவிட்டு பஃப்ஸ் வாங்க ஓடிக்கொண்டிருந்தது. பருப்பு சூப், எலுமிச்சை பிழிந்த வேகவைத்த கீரை, அடுப்பில் வாட்டிய மத்தி, கெட்டித் தயிர், அவித்த முட்டை. ஸ்தெர்கியோஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் பருப்பு வைக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டான். முதல் தடவை அடிப்பிடித்தது. "புகை வாசனைக்காகவே சில ஊர்ல இப்படிப் பண்ணுவாங்க," என்று சாதித்தான். பிஸ்தாவை வீட்டில் வைப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தான். ஒருநாள் ஸ்க்ரூடிரைவர் தேடப்போன ஸ்மாரோ, கருவிப் பெட்டியின் அடித்தட்டில் ஒரு முழுப் பொட்டலத்தைக் கண்டாள். அதைத் துறைமுகத்துக்கு அனுப்பிவைத்தாள். கிரேன் ஓட்டுநர்கள் எல்லாரும் ஒரு வாரம் பிஸ்தா தின்றார்கள்.

இனிப்புப் பெட்டிகள் வருவதை நிறுத்த முடியவில்லை. வெற்றி பெற்றவர்கள் கொடுத்தே தீர்வார்கள். மறுத்தால் மனம் நோகும். ஸ்மாரோ ஒரு வழி கண்டுபிடித்தாள். பெட்டியை அங்கேயே திறந்து, தேர்வுக்குக் காத்திருக்கும் வரிசையில் கொடுத்தவர் கையாலேயே விநியோகிக்கச் சொன்னாள். பயத்தில் வெளுத்துப்போய் நிற்பவர்கள் வாயில் இனிப்பு விழுந்ததும் கொஞ்சம் நிறம் திரும்பினார்கள். அவளுடைய மாணவர்கள் முன்பைவிட அதிகமாகத் தேறுவதாக ஒரு பேச்சு கிளம்பியது.

ஆகஸ்ட் நடுவில், மாதாவின் பண்டிகைக்கு, அண்ணன் வீட்டில் விருந்து. லம்ப்ரினி மேஜை கொள்ளாமல் சமைத்திருந்தாள். சீபுரோ மதுப் புட்டிகள் குளிர்ந்து வியர்த்திருந்தன. ஸ்மாரோ தன் தட்டில் முதலில் மீனையும் பிறகு கீரையையும் வைத்துக்கொண்டு நிதானமாக மென்றாள்.

"என் தட்டுல விஷமா வச்சிருக்கேன்?" என்றாள் லம்ப்ரினி, கத்தரிக்காய் அடுக்கை அவள் பக்கம் தள்ளியபடி.

"இல்ல அண்ணி. இடம் இருந்தா கடைசியில எடுத்துக்கறேன்."

"பண்டிகை நாள்ல என்ன கடைசி?"

அண்ணன் வாங்கேலிஸ் முட்கரண்டியைக் கீழே வைத்தான். "அவள விடு," என்றான். "கத்தரிக்காய கலமாத்தாவுக்குப் பார்சல் அனுப்பிடு." மேஜை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. கத்தரிக்காய் வேறு பக்கம் நகர்ந்தது. ஸ்மாரோ கடைசியில் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டாள். பிரமாதமாக இருந்தது என்று சொன்னாள், அது முகஸ்துதி இல்லை.

எல்லா நாளும் இப்படி அமையவில்லை. இலையுதிர் காலத்தில் ஒரு மோசமான வாரம் வந்தது. மழை, மூன்று மாணவர்கள் ஒரே நாளில் தோல்வி, மகளோடு போனில் சண்டை. ஒரு கடையிலிருந்து பாகில் ஊறிய பால் கேக் ஒரு பெட்டி வாங்கி, வண்டியைத் துறைமுகச் சுவரோரம் நிறுத்தி, கண்ணாடி எல்லாம் ஆவி படிய உட்கார்ந்து பாதியைத் தின்று தீர்த்தாள். நெஞ்சு படபடத்தது, வியர்த்தது. முன்பென்றால் பெட்டியைக் குப்பையில் அமுக்கிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருப்பாள். இந்த முறை கோஸ்மாஸுக்குப் போன் செய்தாள்.

"பாதிப் பெட்டியா?" என்றார் அவர். "எந்தக் கடை?"

சொன்னாள்.

"ஐயையோ, அங்க வெண்ணெய்க்குப் பதிலா வேற எதையோ போடறான் டீச்சர். தப்புப் பண்றதுன்னு முடிவு பண்ணா என் கடைக்கு வந்திருக்கலாம்ல. சரி, ராத்திரிக்கு என்ன?"

"ஸ்தெர்கியோஸ் பருப்பு வச்சிருக்கான்."

"அடிப்பிடிச்சதா?"

"தெரியல."

"எதுவா இருந்தாலும் சாப்பிடுங்க. நாளைக்குப் பேசலாம்."

அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்ப் பருப்பு சாப்பிட்டாள். வானம் இடிந்து விழவில்லை. தியோனியிடம் சொன்னபோது அவள் அதை எழுதிக்கொள்ளக்கூட இல்லை. மகளோடு சமாதானமாகியாயிற்றா என்றுதான் கேட்டாள்.

கோஸ்மாஸ் முதல் தேர்வில் தோற்றார். தேர்வு அதிகாரியைக் கண்டதும் பதற்றத்தில் வைப்பரைப் போட்டுவிட்டு அணைக்கத் தெரியாமல் ஊர் முழுக்க வெயிலில் துடைத்துக்கொண்டே போனார். இரண்டாம் முறை தேறினார். குளிர்காலம் தொடங்கியதும் அறுவை செய்துகொண்டார். கடையைத் தம்பி வந்து பார்த்துக்கொண்டான். முதல் வாரங்கள் வடிகட்டிய சூப்பும் தயிரும்தான். "பேக்கரிக்காரன் ரொட்டி தின்னாம இருக்கறது, மீன் தண்ணிக்கு வெளிய இருக்கற மாதிரி," என்று புலம்பினார். ஸ்மாரோ வாரத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்த்தாள். ஆறு மாதம் கழித்து உடம்பு நன்றாகக் கரைந்தபோது ஊரே அவரைப் புகழ ஆரம்பித்தது. அன்று மட்டும் அவள் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசினாள்.

"இப்ப எல்லாம் சுலபமா இருக்கும். இந்தச் சுலபம் நிக்காது. நின்ன அன்னிக்கு எனக்கு போன் பண்ணுங்க. ஒளிஞ்சுக்காதீங்க."

"ஒளிஞ்சா எங்க போறது? நீங்கதான் விளக்க மினுக்கிக்கிட்டுப் பின்னாடியே வருவீங்களே," என்றார் கோஸ்மாஸ்.

அடுத்த கோடையில் ஸ்மாரோ திரும்ப ஏறிய எடையில் பாதிக்கு மேல் இறக்கியிருந்தாள். பிறகு முள் அங்கேயே நின்றுவிட்டது. நீலக் கவுன் இன்னும் ஏறவில்லை. இனி ஏறாது என்றே தோன்றியது. தியோனிக்கு அதில் வருத்தம் இல்லை. ரத்தம் நன்றாக இருந்தது, சர்க்கரை திரும்பவில்லை, மாடிப்படியில் முழங்கால் முனகவில்லை. "இதுல நின்னா போதும்," என்றாள். ஸ்மாரோ கவுனை மகளுக்கு அனுப்பிவைத்தாள். அவள் அதை முழங்கால் வரை வெட்டித் தைத்துக்கொண்டு, கடற்கரையில் நிற்கும் படத்தை அனுப்பினாள்.

இப்போது வோலோஸில் மதியம் ஒன்றரை மணிக்கு யாராவது பாடம் கேட்டால் ஸ்மாரோ ஒப்புக்கொள்வதில்லை. அந்த நேரம் பயிற்சிக் கார் கடற்கரை ஓரம் பைன் மரத்தடியில் நிற்கும். அவள் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் ஒரு துணியை விரித்து, டப்பாவைத் திறப்பாள். ஒருநாள் புது மாணவி ஒருத்தி, மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், சீக்கிரமே வந்துவிட்டாள். கார் சாவியைப் பார்த்தாள், ஸ்மாரோவைப் பார்த்தாள்.

"ஆரம்பிக்கலாமா டீச்சர்? நான் மூணு மணிக்கு வேலைக்குத் திரும்பணும்."

"இரும்மா," என்றாள் ஸ்மாரோ, நெத்திலியின் முள்ளை எடுத்தபடி. "நான் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். நீ சாப்பிட்டியா?"

"வழியில ஏதோ கொறிச்சேன்."

ஸ்மாரோ பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். துறைமுகத்தில் தீவுகளுக்குப் போகும் கப்பல் ஊதிக்கொண்டு கிளம்பியது. ஸ்மாரோ அவசரப்படாமல் மென்றுகொண்டிருந்தாள்.